தனித்து வாழ்பவளுக்கான நல்கை

ஜனவரி 9

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், மேடம். என் மகள் மிதுனாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து, இப்போதுதான் இறக்கிப் படுக்கவைத்தேன். மறுபடி அழ ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

நல்கை பெறுகிறவர்கள் எல்லோரும் செயலியில் நாட்குறிப்பு எழுத வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் வழிகாட்டி அதைப் படிப்பார் என்று சாருமதி மேடம் சொன்னார். எங்கள் பகுதிக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். "உங்களுக்கு வந்திருக்கிற வழிகாட்டி தமிழ்க்காரங்கதான், கோகிலவாணி. தமிழ்லயே எழுதுங்க. மனசுல இருக்கிறத எழுதினா அவங்களுக்குப் பிடிக்கும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கம் எங்கள் ஊர். காஸ்ட்யூம் டிசைன் படித்தேன். மிதுனா பிறந்த பிறகு, கடையில் விற்கும் டயப்பர் அவளுக்குச் சேராமல் தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது. இங்கே தறிகளில் துண்டு நெய்கிறார்கள். ஓரம் சரியில்லாத துண்டை எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கி, மூன்று மடிப்பாக வைத்துத் தைத்து, டிச் பட்டன் அடித்து அவளுக்கு அணையாடை செய்தேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பிறகு பக்கத்து ஊரில் கேட்டார்கள். வளரும் நாடுகளில் தொழில் செய்யும் பெண்களுக்கு என்று உங்கள் அறக்கட்டளை கொடுக்கும் நல்கையைப் பற்றிக் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் விண்ணப்பித்தேன்.

முதல் தவணையில் வாங்கிய ஓவர்லாக் மெஷின் இன்று வந்துவிட்டது. இரண்டாம் தவணை வந்தால் ஒரு கொட்டகை பிடித்து, இரண்டு பேரைத் தைக்க வைக்கலாம்.

என் வீட்டுக்காரர் பூபதி போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊர் வண்டிகளில் பாதி சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் ஓடுகின்றன. மழை விட்டதும் கிளம்பினால் அடுத்த மழைக்குத்தான் வீடு. கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தம். வண்டிக்கடியிலேயே படுக்கை. இந்தத் தொழில் காலூன்றிவிட்டால் அவர் வண்டி ஏற வேண்டாம். கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார். விண்ணப்பத்தில் என் கனவு என்ன என்று கேட்ட இடத்தில் வேறு ஏதோ பெரிதாக எழுதினேன். உண்மையில் இதுதான்.

ஜனவரி 12

நூல் அறுந்துகொண்டே இருந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 20

பொங்கலுக்கு அவர் வரவில்லை. வேலை விடவில்லையாம். அத்தை, அதாவது என் மாமியார், கரும்பை வெட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்து நேற்றுதான் ஆட்டுக்குப் போட்டார்.

போன மாதம் தைத்ததெல்லாம் துவைத்தபின் சுருங்கிப்போய், வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அழுகையாக வந்தது. போனில் அவரிடம் சொன்னேன்.

"துண்ட வாங்குனதும் வெந்நீல போட்டு எடுத்துட்டு வெட்டு, அம்மிணி. தறிக்காரங்க கஞ்சி போட்டுத்தான குடுப்பாங்க."

"படிச்சவ எனக்குத் தெரியாதுங்களா மாமா?"

"தெரிஞ்சுதான் சுருங்குச்சா?"

அவர் சிரித்தால் போனில் அந்தப் பக்கம் நாலு பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். வண்டியில் எல்லோரும் சுற்று வட்டாரத்துப் பையன்கள். தறிக்காரர் கிருட்டிணனிடம் அவரே அங்கிருந்து பேசி, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

பெண்கள் தம் முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். வெந்நீரில் போடுவது என் முடிவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 28

சென்ற குறிப்புக்குக் கீழே நீங்கள் ஒரு இதயம் போட்டிருந்தீர்கள். நன்றி மேடம். படிக்கிறீர்கள் என்று தெரிந்தது தெம்பாக இருந்தது.

இன்று சாருமதி மேடம் வந்திருந்தார். தைத்ததை எல்லாம் இழுத்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். திருப்திதான். காபி குடிக்கும்போது கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வருசத்துல எத்தன மாசம் இங்க இருப்பாரு?"

"மழைக்கு ரெண்டு மூணு மாசமுங்க."

"மத்த நாளெல்லாம் நீங்கதான எல்லாம்? அப்ப தனித்து வாழும் பெண்ணுங்கிற பிரிவுல போட்டுடறேன். அந்தப் பிரிவுக்கு இந்த வருசம் நிதி நிறைய இருக்கு. பொதுப் பிரிவுல போட்டா இரண்டாம் தவணை வரும்னு எனக்கு நிச்சயமில்ல."

"அவரு சம்பளம் அனுப்பறாருங்களே மேடம்."

"அனுப்பட்டும். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாரு தூக்கிட்டு ஓடுறது? நீங்கதான? அப்புறம் என்ன பொய்?"

பொய்யில்லைதான். போன மாதம் ஆட்டோ கிடைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானேதான் ஓடினேன். தலையாட்டினேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி தழையைக் கட்டினார்.

பிப்ரவரி 6

உங்கள் அறக்கட்டளைக்காகக் காணொளி எடுக்க வந்தார்கள். காலையிலிருந்து வீட்டைக் கழுவி, மெரூன் புடவையை எடுத்து வைத்திருந்தேன். கட்டி முடித்ததும் மிதுனா அதன் மேலேயே வாந்தி எடுத்தாள். தேய்த்து வைத்திருந்தது வேறொன்றும் இல்லாததால் வெளிர் நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். எளிமையாக நன்றாக இருக்கிறது என்று சாருமதி மேடமும் சொன்னார்.

ஒளிப்பதிவாளர் சென்னைக்காரர், பொறுமைசாலி. தாலிச் செயின் மைக்கில் உரசுகிறது என்று அதை உள்ளே போட்டுக்கொள்ளச் சொன்னார். கல் வைத்த பொட்டு விளக்கில் அடிக்கிறது என்றார். வேறு பொட்டு கைவசம் இல்லை. "ரெண்டு நிமிஷம்தாங்க" என்றார். எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். நல்லவேளை, அத்தை ஆடு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

வீட்டுக்காரர் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். டிவி மேல் இருந்ததைக் கொடுத்தேன். அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லையாம். சன்னலோரத்தில் வைத்தார்கள். அங்கேயும் இருட்டாக இருந்ததால் பக்கத்தில் காமாட்சி விளக்கை ஏற்றி வைத்தார்கள். படம் அழகாகத்தான் தெரிந்தது.

"அவர் இல்லாம எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். போன வாரம் அவருக்கு அங்கே மஞ்சள் காமாலை மாதிரி இருந்து, ஒருவரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாமல் வண்டியிலேயே படுத்திருந்தாராம். எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. அது நினைவுக்கு வந்துவிட்டது. "அவரு இல்லாம கஷ்டமாத்தான் இருக்குது. புள்ளைக்காகத்தான் மனசத் தேத்திக்கறேன்" என்றேன். சொல்லும்போதே அழுதேன். நடிப்பு இல்லை, மேடம்.

முடிந்ததும் ஒளிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார்.

பிப்ரவரி 7

பொட்டை எடுத்து ஒட்டப் போனேன். பசை போய்விட்டது. புது அட்டை வாங்கினேன்.

பிப்ரவரி 19

ஈரோட்டில் குழந்தைகள் துணிக்கடை ஒன்றில் மாதிரிக்குக் கொடுத்த அணையாடைகள் எல்லாம் விற்றுப்போய், இன்னும் கேட்டிருக்கிறார்கள். காலை முழுக்கத் துண்டு கொதிக்கவைத்தேன். மாடியில் காயப் போட்டதைக் காற்று தூக்கிப்போய் வேப்ப மரத்தில் மாட்டிவிட்டது. கொம்பு வைத்து இழுத்ததில் பாதி கிழிந்தது.

காணொளி வந்துவிட்டது. சாருமதி மேடம் அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. 'இழப்பிலிருந்து எழுந்தவள்' என்ற பொருளில் தலைப்பு. என்ன இழப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. பொதுவாகப் போட்டிருப்பார்கள். பாதி பார்ப்பதற்குள் மிதுனா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு பார்க்கவில்லை. பயிற்சியில் கூட இருந்தவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். பயிற்சிக்கு வராத ஒருத்தி கை கூப்பி, 'தைரியமா இருங்க சிஸ்டர்' என்று அனுப்பியிருந்தாள்.

பிப்ரவரி 23

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தங்கை, சங்ககிரியில் இருக்கும் குருக்களாயி அம்மா இறங்கினார். இறங்கும்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார். "ஐயோ எஞ் சாமி, எம்பட தங்கமே, இந்த வயசுல உன்ற புள்ளைய உட்டுப்போட்டுப் போயிட்டயேடா" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார். அத்தை சாணி கரைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சாணியோடு நிமிர்ந்தார்.

"ஆருக்கென்ன ஆச்சு?"

"எனக்கொரு சொல் சொல்லாம எடுத்துப்போட்டீங்களே அண்ணி. பொறந்தவ மொறைக்கு நாஞ் செத்தா போயிட்டேன்?"

"ஆர எடுத்தோம்? என்ன சொல்றே நீ?"

"நம்ம பூபதியத்தான்."

அத்தை அப்படியே சாணித் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கே ஏதோ நடந்து, இவளுக்கு முதலில் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போனை எடுத்து அவருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கம்ப்ரசர் ஓடும்போது கேட்காது என்று தெரியும். தெரிந்தும் என் கை நிற்கவில்லை. கடைசியில் எடுத்தார்.

"என்ன அம்மிணி, பைப்பு எறக்கிட்டு இருக்கறோம்."

நான் போனை அத்தை காதில் வைத்தேன். அவர் குரல் கேட்டதும் அத்தை அழுதார். அத்தை அழுது நான் இன்றுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் குருக்களாயி அம்மா மடியிலிருந்து பேரனின் போனை எடுத்துக் காட்டினார். காணொளியை இன்றுதான் முழுக்கப் பார்த்தேன். வெளிர் உடை. வெறும் நெற்றி, வெறும் கழுத்து. நான் அழுகிறேன். அவர் படம் வருகிறது, பக்கத்தில் விளக்கு எரிகிறது. வீணை வாசிக்கிறார்கள். எந்தத் தமிழர் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார். நானே பார்த்து ஒரு கணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தைக்குக் கணவர் போய் வெகு காலமாகிறது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். அவர் என்னைத் திட்டவில்லை. "பொட்ட எடுக்கச் சொன்னா எடுத்துருவயா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "என்னைய நாலு பேரு புடிச்சுக்கிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு."

குருக்களாயி அம்மாவுக்குக் காபி கொடுத்தோம். வெட்கப்பட்டுக்கொண்டே குடித்தார். போகும்போது கொள்ளுப் பேத்திக்கு என்று இரண்டு அணையாடை வாங்கிக்கொண்டு போனார்.

சாருமதி மேடத்திடம் பேசினேன். "கோகிலவாணி, அதுல எங்கயாவது இறந்துட்டார்னு சொல்லியிருக்கா? இல்லயே. பார்க்கிறவங்க அப்படி எடுத்துக்கிட்டா நாம என்ன பண்றது? நீக்கறது என் கையில இல்ல, தலைமை அலுவலகத்துலதான்" என்றார். அது உங்கள் அலுவலகம்தானே மேடம். கொஞ்சம் சொல்லுங்களேன்.

பிப்ரவரி 25

பிப்ரவரி 23 குறிப்புக்கும் இதயம் போட்டிருக்கிறீர்கள். பதில் வருமென்று பார்த்தேன்.

ரிக் வண்டிப் பையன்களும் பார்த்துவிட்டார்களாம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "சோறு போடறப்ப எனக்கு மட்டும் எலையத் திருப்பிப் போடறானுங்க. காக்காய்க்கு வெச்சிட்டியாடான்னு கேக்கறானுங்க."

"மன்னிச்சுக்கங்க மாமா."

"விடு. நாஞ் செத்தா நீ இவ்வளவு அழுவேன்னு இப்பத்தான் தெரியுது."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. அந்தப் பக்கமும் இந்த முறை வேறு யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 4

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் சொல்கிறேன். போர் போடுகிறவர்கள் சகுனம் பார்ப்பார்கள். பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பது குழி போட்ட பிறகுதான் தெரியும். அதனால் தேங்காய் உருண்ட விதம், எதிரே வந்த ஆள், பூசை போட்டவன் கை, எல்லாம் கணக்கில் வரும். காணொளி வந்த வாரத்தில் போட்ட குழிகளில் தண்ணீர் வராமல் வெறும் புகைதான் வந்ததாம். அதற்கடுத்த குழியில் பாறை உடைக்கும் ஹேமர் உள்ளேயே சிக்கிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. அது பெரிய நட்டம்.

வண்டி முதலாளி நல்லவர். அவரே போன் போட்டு, "பூபதி, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்க இல்ல. ஆனா பசங்க உன்னோட நின்னு ராடு மாட்ட மாட்டீங்கறானுங்க. வெளக்கு வெச்ச ஆளுங்கறானுங்க. கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போ" என்றிருக்கிறார்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று இவர் கேட்கவில்லையாம்.

மார்ச் 8

மகளிர் தினம். ஈரோட்டில் ஒரு மண்டபத்தில் விழா. வர முடியாது என்று சொன்னேன். இரண்டாம் தவணை முடிவாகும் நேரம், வந்துவிடுவது நல்லது என்று சாருமதி மேடம் சொன்னார். பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். மேடையில் என்னை நிற்கவைத்துவிட்டுப் பின்னால் திரையில் அந்தக் காணொளியை ஓட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா என் நெற்றியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவரும் பார்த்தார். மறுமணம் செய்துகொண்டேன் என்று நினைத்திருப்பார்கள். இருவரும் பலமாகக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவருடைய பை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து கறுத்துப் போயிருந்தார். மிதுனா அவரைப் பார்த்துப் பயந்து அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மேடையெல்லாம் எப்படி அம்மிணி?" என்று கேட்டார்.

மேடையில் கொடுத்த கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 15

இந்த வாரம் நன்றாகப் போனது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு நன்றாக.

காலையில் அவர் துண்டு கொதிக்கவைக்கிறார். ரிக்கில் பெரிய பெரிய இரும்பை மாட்டிய கை, டிச் பட்டன் அடித்தால் ஒன்றுகூடத் தவறுவதில்லை. நான் வெட்டித் தைக்கிறேன். மதியம் அவர் வண்டியில் சரக்கைக் கட்டிக்கொண்டு குமாரபாளையம், பவானி என்று கடை கடையாகப் போகிறார். விலை பேச எனக்கு வராது. அவருக்கு வருகிறது. "நீங்க பெத்த புள்ளைக்கு இதக் கட்டுவீங்களா, அந்தப் பிளாஸ்டிக்கக் கட்டுவீங்களா?" என்று கடைக்காரரையே கேட்கிறாராம். மிதுனா மூன்றாம் நாள் பயம் தெளிந்தாள். இப்போது அவர் வயிற்றின் மேல் படுத்தால்தான் தூங்குகிறாள்.

இதற்குத்தான் மேடம் இத்தனையும்.

மார்ச் 27

சாருமதி மேடம் வந்தபோது அவர் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். மேடம் வண்டியைவிட்டு இறங்கவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார்.

"அண்ணன் எப்பக் கிளம்பறாரு?"

"இனி போகலைங்க மேடம். வேலை போயிருச்சு. இங்கயே பாத்துக்கறம்னு."

"அப்ப நீங்க அந்தப் பிரிவுல வர மாட்டீங்களே."

"தொழில் நல்லாப் போகுதுங்க மேடம். அவரு வந்ததுக்கப்புறம் ஆர்டரு கூடியிருக்குது."

"அதுதாங்க பிரச்சன. அவரு வந்ததுக்கப்புறம்னா, அவரு நடத்தற தொழில்னு எழுதிடுவாங்க. பெண் நடத்தற தொழிலுக்குத்தான் நல்கை."

காணொளியால்தான் அவருக்கு வேலை போனது என்றேன். மேடம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அவரும் கெட்டவர் அல்ல. மூன்று மாவட்டத்தை ஒரே ஆளாகப் பார்க்கிறார், அவருக்கும் சம்பளம் பாக்கி. "சரிபார்க்க ஆள் வருவாங்க. அன்னைக்கு மட்டும் அண்ணன் வீட்டுல இல்லாம இருந்தா நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 3

அவரிடம் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது. சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"அப்ப நாஞ் செத்தது பத்தலயா?" என்றார். கோபமில்லை. குழம்பு ஊற்றச் சொல்லிக் கை காட்டினார். "சரி. எங்கக்கா ஊட்டுக்குப் போயிட்டு வாறன். கருமாதி முடிஞ்சதும் சொல்லியனுப்பு."

அத்தை எழுந்து கை கழுவிவிட்டார். "அவனில்லாத ஊட்ல எனக்கென்ன வேல? நானும் போறன். கேக்கறவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்க, கண்ணு."

கிளம்பும்போது வீட்டுக்காரர், வங்கியில் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பீரோவிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். முன்பு ஒருமுறை ஆப்பிரிக்கா வண்டிக்குப் போகலாமென்று எடுத்தது. நான்தான் அழுது தடுத்தேன். அடையாளத்துக்கு ஆதார் போதுமே என்றேன். அதுவும் இருக்கட்டும் என்றார்.

ஏப்ரல் 10

சரிபார்க்க வந்தார்கள். ஒரு வெளிநாட்டு அம்மாவும் மொழிபெயர்க்க ஒரு பெண்ணும். அவருடைய சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருந்தேன். செருப்பை மறந்துவிட்டேன். மிதுனா அதற்குள் காலை விட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் இழுத்து இழுத்து நடந்தாள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். மொழிபெயர்க்கும் பெண் என்னைப் பார்க்காமல் சொன்னாள், "அவங்களோட அப்பாவும் சின்ன வயசுலயே போயிட்டாராம்."

எனக்கு ஆங்கிலம் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சாருமதி மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிலுக்கு நான் அந்த அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 13

போன் போட்டால் வருகிறேன் வருகிறேன் என்கிறார். அக்கா வீட்டில் கிணறு தூர் வாருகிறார்களாம்.

தனியாகப் பட்டன் அடித்ததில் பாதி கோணல்.

ஏப்ரல் 21

அத்தை மட்டும் பேருந்தில் வந்தார். பையைத் திண்டில் வைத்துவிட்டு, "அவன் பம்பாய் போயிட்டான்" என்றார்.

அக்கா வீட்டில் ஒரு வாரம்கூட இருக்கவில்லையாம். ராசிபுரத்து ஏசெண்டு ஒருவர் மூலமாகத் தான்சானியா. போர் வண்டிதான். இரண்டு வருட ஒப்பந்தம். மார்ச் கடைசியிலேயே பேசிவிட்டாராம், சாருமதி மேடம் வாசலில் வண்டியை நிறுத்தியபடி என்னிடம் பேசிய மறுநாள். அவருக்கு இடது காதுதான் மந்தம். அதை நான் மறந்திருந்தேன்.

மாலை அவரே கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காத அம்மிணி. நா இருந்தா உனக்குக் காசு வராது. போனா வரும். அவங்க கணக்கு அப்படி. இதுல யாரக் குத்தம் சொல்றது?"

"காசே வேண்டாங்க மாமா. திரும்பி வாங்க."

"வந்து? வடக்க எந்த வண்டிலயும் என்னைய ஏத்த மாட்டீங்கறான். எட்டு வண்டிக்குக் கேட்டுப் பாத்துட்டேன். நீ தைக்கறதுல நானும் உக்காந்து தின்னா, கொட்டகை எப்பப் போடறது?"

பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. அது முடியும்வரை காத்திருந்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. அந்தப் படத்தத் தூக்கச் சொல்லு. அங்க வண்டில இருக்கறவனுங்களும் நம்மூருக்காரனுங்கதான். இன்னும் எவனும் பாக்கல போல. பாத்துட்டா, அங்கிருந்து தொரத்துனா, ஊருக்கு வர டிக்கெட்டு என்ற காசுதான்."

ஏப்ரல் 24

உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, மேடம். இரண்டாம் தவணை உறுதியாகிவிட்டது. வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தனித்து வாழும் பெண்கள் பிரிவில் என்னுடையதுதான் முன்மாதிரியாம். அடுத்த வருட நிதி திரட்டலுக்கு என் காணொளியை முகப்பில் வைக்கப் போகிறார்களாம். எல்லா நாட்டிலும் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பெயர்களும் இருக்கின்றன.

பணத்தை வாங்கிக்கொள்வேன். வேண்டாமென்று சொல்லும் நிலையில் நான் இல்லை. கொட்டகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். தைக்க இரண்டு பெண்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். இருவரிடமும் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இதில் எங்கேயும் பொய் இல்லை என்று இனி நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். நான் தனித்து வாழ்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நேற்றும் ஓடினேன். நீங்கள் என்னை எந்தப் பிரிவில் போட்டீர்களோ, அதற்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டேன். கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.

கேட்பது ஒன்றுதான். அந்தக் காணொளியை நீக்கச் சொல்லுங்கள். முகப்பில் வைப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். வேறொன்று எடுக்க வேண்டுமானால் வரச் சொல்லுங்கள், உட்காருகிறேன். பொட்டோடு உட்காருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை அவர் விமானம் ஏறுகிறார். இந்தக் குறிப்புக்குக் கீழே இதயம் போட வேண்டாம், மேடம். முடியும் அல்லது முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

கோகிலவாணி